கத்திரியில் சாவி கொடுக்கிறவர்

பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம். மேற்கு வெளி வீதியில் பாதி எழும்பியிருந்த ஒரு கட்டடத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, மேற்குச் சுவரில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடி நின்ற ஒரு மனிதரை. வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் மடித்திருந்தார். மூக்குக் கண்ணாடி கழற்றப்பட்டு இடது கையில் இருந்தது. கொத்தனார்கள் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. சாந்துச் சட்டியோடு வந்த சித்தாள் பெண் ஒரு தூணைச் சுற்றிப் போவது போல அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

சித்திரைத் திருவிழாக் கூட்டம் வருகிற நேரத்தில் மணலைத் தெருவில் கொட்டி வைத்திருக்கிறார்கள் என்று எங்கள் பத்திரிகைக்குப் புகார் வந்திருந்தது. அதை விசாரிக்கத்தான் போனேன். அவர் கண்ணைத் திறந்து, கன்னத்தில் ஒட்டிய மணலைத் துடைத்தார்.

"மணலை அள்ளச் சொல்லிட்டேன். சாயங்காலம் தெருவுல ஒரு பொடி இருக்காது. எழுதணும்னா எழுதிக்கங்க" என்றார்.

சுவரில் என்ன கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்றேன்.

"கேக்கலைங்க, சூடு பார்த்தேன். இந்தக் கை வெயில்லயே கிடந்து பழகிப்போச்சு, எதைத் தொட்டாலும் பரவாயில்லைங்கும். கன்னத்துக்கு அந்தப் பழக்கம் இல்ல."

அவர் ஒரு கூட்டுறவு வங்கியின் கட்டடப் பொறியாளர். எழுந்துகொண்டிருந்தது அந்த வங்கியின் மதுரை அலுவலகம். இருபுறமும் பழைய வீடுகள் நெருக்க, தெருப்பக்கம் மேற்கு பார்த்த ஒடுக்கமான மனை. அவர் மேற்கில் இரட்டைச் சுவர் வைத்து நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தார். மாடிப்படி, பழைய காகிதங்கள் வைக்கும் அறை, கழிப்பறை எல்லாம் அந்தப் பக்கம். வெயில் முதலில் அவற்றில் விழட்டும் என்பது கணக்கு. ஆட்கள் உட்காரும் கூடத்துக்கு நடுவே வானம் பார்த்த ஒரு முற்றம். முற்றத்தை ஒட்டிய சுவர்களில் தரைமட்டத்தில் ஒரு வரிசைத் துளைகள், வெளிச்சுவர்களில் கூரைக்குக் கீழே இன்னொரு வரிசை. நிழலில் ஆறிய காற்று கீழ்த் துளைகளில் நுழையும், சூடான காற்று மேலே வெளியேறும். ஏ.சி. தேவையில்லை, கரண்டு போனாலும் வேலை நிற்காது. இதை அவர் சொன்ன விதத்தில் பெருமை எதுவும் இல்லை. பஸ் எந்த வழியாகப் போகும் என்று சொல்வது போலச் சொன்னார்.

ஆனால் அந்தக் கட்டடத்தில் அவருக்குப் பெரிய காரியம் ஒன்று இருந்தது. வங்கி மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று வரிசையாகக் கட்டப் போகிறது. சென்னையில் ஒரு நிறுவனம் கண்ணாடி முகப்பும் ஏ.சி.யுமாக ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டது. இவர் போய் மன்றாடியதில், மதுரைக் கட்டடத்தை ஒரு கோடையில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சென்னையிலுள்ள தலைமை அலுவலகம் ஒத்துக்கொண்டது. இது நன்றாக இருந்தால் எல்லா ஊரிலும் இதே மாதிரி. இல்லாவிட்டால் சென்னை வரைபடம்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவரைப் பார்ப்பேன். அவரை அறிந்தவர்கள் எல்லோரும் அவரைப் பற்றிச் சொல்வது ஒரே விஷயம்தான். எந்த இடத்துக்குப் போனாலும், "இங்க ஆகாத சீட்டு எது?" என்று கேட்டு அதில் போய் உட்கார்ந்துவிடுவார்.

எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒருமுறை வந்தார். ஆசிரியர் அறையில் மின்விசிறிக்கு அடியில் நாற்காலி போட்டோம். அதன் முதுகைத் தொட்டு நன்றி சொல்வது போலத் தட்டிவிட்டு உள்ளே நடந்தார். அச்செழுத்து வார்க்க ஈயம் உருக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் புரூஃப் திருத்துகிறவரின் முக்காலி. அவரை எழுப்பிவிட்டு அதில் உட்கார்ந்து, அங்கேயே காபியைக் குடித்து முடித்தார். புரூஃப் திருத்துகிறவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அண்ணே, நான் எதுவும் தப்புப் பண்ணிட்டேனா?"

"தப்புப் பண்ணது இந்த ஜன்னலை அங்கிட்டு வெச்ச ஆளு. நீங்க என்ன செய்வீக, பாவம்."

பொறியாளரின் மனைவி சொன்ன கதை இதைவிட நன்றாக இருக்கும். அவர் அக்காள் மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், முன்வரிசையில் இருக்க வேண்டியவர். மண்டபத்துக்குள் வந்ததும் நேராகச் சமையற்கட்டு வாசலுக்குப் போய், புகை வரும் இடமாகப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பெண் வீட்டார் பதறினார்கள். மாமனை அடுப்படியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று மாப்பிள்ளை பக்கத்தில் ஒருவர் சத்தம் போட, நாங்களா வைத்தோம் என்று பெண் பக்கத்தில் ஒருவர் துண்டை உதற, தாலி கட்டும் நேரத்தில் இரண்டு பக்கமும் எழுந்து நின்றுவிட்டது.

"அப்பவாச்சும் எந்திரிச்சு வந்தாரா? இல்லையே" என்று அந்த அம்மாள் கையை விரித்தார். "'பரிமாறுற ஆளுக எம்புட்டு நேரம் இதுல நிக்கிறாக, பாத்தியா'ன்னு என்கிட்ட கேக்குறாரு. எனக்கு வந்துச்சே கோவம். ஊர் வெக்கை அம்புட்டும் இவருக்குத்தான் பட்டா போட்டுக் கொடுத்திருக்காக, தம்பி."

மத்தியானத்தில் அவர் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போவார். கும்பிடுவதோடு வேலை முடியாது. கோடையில் கோயிலின் கல் மண்டபங்களில் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு ஒரு கூட்டம் படுத்திருக்கும். சட்டைப் பையில் பேனாவோடு, செருப்பில்லாமல், தலைக்குக் கையை வைத்துக்கொண்டு. பெரும்பாலும் சுற்றியுள்ள அலுவலகங்களின் குமாஸ்தாக்கள். அவர்கள் நடுவே மெல்ல நடப்பார். யாராவது விழித்துக்கொண்டால் குனிந்து கேட்பார்.

"எந்த ஆபீஸுங்க?"

நான் கூடப் போன அன்று, அப்படி விழித்த ஒருவர் பயந்து எழுந்து உட்கார்ந்தார். "சார், ஒரு பத்து நிமிசம்தான் படுத்தேன். இப்பக் கிளம்பிருவேன். மேல எழுதிப்புடாதீக."

"படுங்க, படுங்க. உங்க சீட்டு எந்தப் பக்கம் பார்த்து இருக்கு?"

"மேக்க."

"மேல என்ன, தகரமா?"

"ஆஸ்பெஸ்டாஸ். சார் யாரு?"

அவர் அடுத்த ஆளை நோக்கி நகர்ந்தார். இங்கே யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் மதுரையில் எந்த அலுவலகம் எப்படிக் கட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும் என்றார் என்னிடம். தன் கட்டடத்து ஆட்கள் ஒருவர்கூட இங்கே வந்து படுக்கக் கூடாது என்றும் சொன்னார். அவர் அந்த வங்கிக் கட்டடத்துக்காகச் செய்த ஒரே பிரார்த்தனை அதுவாக இருக்கும்.

வரைபடத்தில் முதலில் மேலாளர் அறையைப் போடுவது வழக்கம். அவர் முதலில் போட்டது தட்டச்சரின் நாற்காலியை. வங்கியில் காந்திமதி என்ற பெண் தட்டச்சராக இருந்தார். பழைய வாடகைக் கட்டடத்தில் அவருக்குக் கிடைத்தது சரக்குக் கிட்டங்கிக்குப் பக்கத்தில் ஒரு மூலை. விசிறி போட்டால் காகிதம் பறக்கும் என்பதால் விசிறியும் இல்லை. புதிய கட்டடத்தில் முற்றத்தை ஒட்டிய முதல் இடம் அவருக்கு. வங்கியின் தலைவர் வரைபடத்தைப் பார்த்துக் கேட்டாராம்:

"ஏய்யா, பேங்குக்குக் கட்டடம் கட்டுறோமா, டைப்பிஸ்டு பிள்ளைக்குக் கட்டுறோமா?"

"அந்தப் பிள்ளையும் பேங்குதானேங்க."

தலைவர் சிரித்துவிட்டார். கெட்டவர் இல்லை அவர். சிம்மக்கல்லில் மொத்த வியாபாரம் செய்தவர், வாக்குக் கொடுத்தால் மாறாதவர். நாள் நட்சத்திரத்தில் மட்டும் மிகவும் கண்டிப்பு.

கட்டி முடித்த எதையும் பொறியாளர் கத்திரி வெயிலில்தான் ஒப்படைப்பார். நல்ல காரியம் எதையும் யாரும் தொடங்காத அந்த நாட்களில், அலுவலகத்து ஆட்களை அழைத்து வந்து ஒரு வாரம் உட்கார வைத்து, அவரவர் வேலையை அங்கேயே பார்க்கச் சொல்வார். தான் ஆகாத சீட்டில் உட்காருவார். வியர்த்த இடத்தில் ஒரு துளை போடுவார், ஒரு ஜன்னலை இறக்குவார். எல்லாம் சரியான பிறகுதான் சாவி கைமாறும். கொத்தனார்கள் அவருக்குக் கத்திரி இன்ஜினியர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் தெரியும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவரிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். திருநகரில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர் குளிக்கப் போன நேரத்தில் அவர் மனைவி சொன்னார்.

"அவரு கட்டுன மொத ஆபீஸைத் தையிலதான் தொறந்தாக, தம்பி. குளுகுளுன்னு இருக்குன்னு எல்லாரும் மாலை போட்டாக. சித்திரை பொறந்து ஒரு நாள், மேக்குச் சுவர் ஓரம் உக்காந்திருந்த கிளார்க்கு அப்படியே மேசையில சாஞ்சிட்டாரு. இவருதான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாரு. அந்த மனுசன் பொழச்சு, மறுபடி வேலைக்கும் வந்துட்டாரு. இவருதான் அந்த மேசையை விட்டு இன்னும் எந்திரிக்கல."

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நின்றது. அந்த அம்மாள் உடனே, "காபிக்குச் சீனி போதுமா, தம்பி?" என்றார்.

வங்கிக் கட்டடம் கார்த்திகையில் முடிந்துவிட்டது. பொறியாளருக்கு மாசிக் கடைசியில் ஓய்வு. இந்த இரண்டையும் சேர்த்து வைத்து முதலில் யோசித்தவர் தலைவர்தான். திறப்பு விழா எப்போது என்று கேட்டுவர நான் ஒருநாள் போயிருந்தேன். சுண்ணாம்பு வாசனை போகாத கூடத்தில் தலைவர், பொறியாளர், நான் மூவரும் நின்றுகொண்டிருந்தோம்.

"தையில மெட்ராஸ்ல இருந்து பெரியவுக வாராக. நாள் குறிச்சாச்சு" என்றார் தலைவர்.

"பாலைத் தையில காய்ச்சிருங்க. ஆளுகளைச் சித்திரையில குடி வைப்போம்."

"அதுவரைக்கும்? பூட்டி வெச்சுட்டு, இன்னும் பழைய கட்டடத்துக்கு வாடகை கொடுக்கவா? கத்திரியில எவனாச்சும் ஆபீஸ் தொறப்பானாய்யா?"

"நான் தொறந்திருக்கேங்க."

"சித்திரையில நீங்க இருக்க மாட்டீகளேய்யா" என்றார் தலைவர். குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். "வேற ஒருத்தர் வந்து சாவி கொடுப்பாரு. அது நல்லாவா இருக்கும்? நீங்க கட்டுனது. உங்க கையாலதான் வாங்கணும்னு நான் நினைக்கிறேன்."

பொறியாளர் முற்றத்துக்குள் இறங்கி நின்று, மேலே பார்த்தார். பிறகு திரும்பி வந்து, சரிங்க என்றார். புறப்படும்போது என்னிடம், "சரியாத்தான் கட்டியிருக்கேன். தையில கொடுத்தா என்ன, சித்திரையில கொடுத்தா என்ன" என்றார். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

தையில் சாவி கொடுத்தார். எங்கள் புகைப்படக்காரர் எடுத்த படத்தில் எல்லோரும் சாவியைப் பார்க்கிறார்கள். அவர் மட்டும் கூரைக்குக் கீழே இருக்கும் துளைகளைப் பார்க்கிறார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. தை மாதத்துக் காலைகளில் கீழ்த் துளைகள் வழியாக வந்த காற்று கால்களைச் சில்லிட வைத்தது. காந்திமதி போர்வையைப் போர்த்திக்கொண்டு தட்டச்சு செய்தார். சளி பிடித்தது. அட்டெண்டர், அந்தப் பெண்ணுக்கு உதவியாக, கீழ்த் துளைகளில் சாக்கைச் சுருட்டி வைத்தார். மேல் துளைகளில் புறாக்கள் வந்து தங்கின. பேரேடுகள் மீது எச்சம் விழுந்தது. முற்றத்தில் நிறுத்திய சைக்கிள்கள் மீதும் விழுந்தது. ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலையோடு கட்டடத்தைச் சுற்றி வந்த பொறியாளர், சாக்குகளைப் பார்த்துவிட்டு, "சித்திரைக்கு முந்தி எடுத்துருங்கப்பா" என்றார். "ஆகட்டுங்கய்யா" என்றார் அட்டெண்டர். அவரும் எடுத்திருப்பார். ஆனால் பங்குனியில் மேலாளர் கொத்தனாரை அழைத்து மேல் கீழ் இரண்டு வரிசைகளையும் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டார். முற்றத்துக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் போட்டுச் சைக்கிள் கொட்டகை ஆக்கினார். தன் அறைக்கு ஒரு ஏ.சி. வாங்கினார். கூடம் ஒரு கோடையைக்கூட அதுவரை பார்த்ததில்லை. அந்தத் துளைகள் எதற்கு என்று அங்கே ஒருவருக்கும் உடம்பால் தெரியாது.

கத்திரி தொடங்கியதும் பொறியாளர் திருநகரிலிருந்து பஸ் ஏறி வந்தார். நான் அதைக் கேள்விப்பட்டுப் போனபோது காந்திமதியின் மேசைக்குப் பக்கத்தில் வாடிக்கையாளர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கொட்டகைக் கூரையின் வெக்கை நேராக அந்த இடத்தில் இறங்கியது. முற்றத்தை ஒட்டியிருந்ததால் இப்போது அதுதான் ஆகாத சீட்டு. காந்திமதி ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தார். 

மேலாளர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"சார், நீங்க பெரியவங்க. இப்படி வந்து உக்காந்தா எனக்குச் சங்கடமா இருக்கு."

"ஒரு வாரம் தொறந்து வைங்க. பிடிக்கலைன்னா நானே ஆள் கூட்டியாந்து அடைச்சுத் தாரேன்."

"புது டிஸ்டெம்பர் அடிச்சிருக்கு, சார். மெட்ராஸ் ஆபீசர் வர்ற நேரத்துல சுவரை உடைக்கவா? தலைவரும் வேணாம்ங்கிறாரு. தவிர, நீங்க..." மேலாளர் நிறுத்திக்கொண்டார்.

"ஆமா. நான் இப்ப வெளியாள்தான்" என்று அவரே முடித்தார்.

கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யச் சென்னை அதிகாரி வந்த நாளில் பத்திரிகைக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கூடத்துக்குள் காலை வைத்ததும் அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். கொட்டகையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பொறியாளர் ஓரமாக நின்றார். அவரை யாரும் அழைக்கவில்லை, தடுக்கவும் இல்லை.

"மிச்ச ஊர்லயும் கட்டணும்னு நீங்க சொன்னது இதைத்தானா?" என்று அதிகாரி கேட்டார்.

"இதை இல்லைங்க. அங்கங்க துளை இருந்துச்சு."

"யார் அடைச்சது?"

மேலாளர் தரையைப் பார்த்தார். தலைவர் அட்டெண்டரைப் பார்த்தார். வேலை நிரந்தரமாகாத அட்டெண்டர், கதவுக்குப் பக்கத்தில், துண்டை வாயருகே வைத்துக்கொண்டு நின்றார். நெற்றி வியர்த்து வழிந்தது.

"யாரையும் கேக்காதீக" என்றார் பொறியாளர். "அடைக்கத் தோணுற மாசத்துல நான்தான் கொடுத்தேன். ஒரு வாரம் தொறந்து பார்க்கச் சொல்லுங்க. அது போதும்."

"நான் இன்னைக்கே ரயில் ஏறணும். என்ன பார்த்தேனோ அதைத்தான் எழுத முடியும்" என்றார் அதிகாரி. அதுவும் நியாயமான பேச்சுதான். மேலாளர் அறைக்குள் எல்லோரும் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. பொறியாளர் கூடத்தில் நின்றார். காந்திமதி எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு வெளியே போனார்.

சென்னை வரைபடம் உறுதியானது. செய்தியை நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். "அப்படியா" என்றார். கூடவே, திருமங்கலத்தில் மனை எந்தப் பக்கம் பார்த்தது என்று கேட்டார். மேற்கு என்றேன்.

அதன் பிறகு அவர் எந்தச் சுவரிலும் கன்னம் வைத்து நான் பார்க்கவில்லை. டீக்கடையில் எல்லோரையும் போல நிழலில் நின்று குடித்தார். பஸ்ஸில் வெயில் படாத பக்கம் உட்கார்ந்தார். அடுத்த கோடையில் அவர் வீட்டுக்குப் போனேன். மின்விசிறிக்கு நேர் கீழே, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் சாய்வு நாற்காலி கிடந்தது. அதில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். எந்த நேரமும் அங்கேதான் என்று அவர் மனைவி சொன்னார். என்னை வாசல் வரை வழியனுப்ப வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முப்பது வருசமா எம்புட்டுச் சண்டை போட்டிருப்பேன், நிழல்ல உக்காருங்க, நிழல்ல உக்காருங்கன்னு. இப்ப உக்காந்திருக்காரு. எனக்குப் பார்க்கவே பயமா இருக்கு, தம்பி."

அந்த ஆண்டு ஐப்பசி மழையில் அவர் இறந்துபோனார். காந்திமதி வந்திருந்தார். புதிதாகத் திறந்த திருமங்கலம் கிளைக்கு அவரை மாற்றியிருந்தார்கள். அனுமதி கேட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். 

மறு கத்திரியில் ஒரு லாரி விபத்துச் செய்திக்காகத் திருமங்கலம் போனேன். வங்கிக் கிளை சாலையோரத்தில் இருந்தது. முகப்பு முழுவதும் கண்ணாடி. ஜன்னல்கள் திறக்கும்படி வைக்கப்படவில்லை. மின்வெட்டு நேரம், ஏ.சி. ஓடவில்லை. கட்டடத்தைப் பூட்டிவிட்டு, ஊழியர்கள் சாலைக்கு எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் மேசைகளைப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். காகிதம் பறக்காமலிருக்கத் தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் காகிதக் கட்டின் மேல் காந்திமதி ஒரு செங்கல்லை வைத்திருந்தார்.